போன் சொன்னபடி சமையல்

ஈஸ்டர் நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் மதியம், மறுபடியும் வேகவைத்த ஃபூல் அவரைக்கொட்டை வந்து தட்டில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மக்ரம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் மனைவி தெமியானா யோசித்துச் சமைக்கக் கூடாது.

அவள் யோசிப்பதால்தான் எல்லாக் கேடும். காலையில் "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் "பார்ப்போம்" என்பாள். பார்த்துப் பார்த்து மதியம் அவரையில் வந்து நிற்பாள். மக்ரம் எகிப்தில், ஷுப்ரா வட்டாரத்துப் பேருந்துப் பணிமனையின் உதிரிப்பாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். அங்கே ஒரு திருகாணி வெளியே போவதாக இருந்தாலும் எந்த வண்டிக்கு, எந்தச் சக்கரத்துக்கு, கேட்டவன் யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "பார்ப்போம்" என்று அங்கே ஒருவன் சொல்லிவிட்டு வேலையில் இருக்க முடியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் இருபத்தேழு வருஷமாகப் "பார்ப்போம்"தான் சாப்பாடு.

"மூணு நாளும் அவரை. இது நோன்பா, தண்டனையா?" என்றார்.

"கறி கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது. மிச்சம் இந்த வீட்டுல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களை வேக வைக்கட்டுமா?"

"ஏன், பருப்பு இல்லையா?"

"நேத்து பருப்பு வைக்கட்டுமான்னு கேட்டேன். வயிறு ஊதும்னு சொன்னீங்க."

"நீ கேட்ட தொனி சரியில்லை. வேண்டாம்னு சொல்ல வைக்கிற மாதிரி கேட்டே."

பல் மருத்துவம் படிக்கும் மகள் வெரீனா போனிலிருந்து தலையைத் தூக்காமலே சமாதானம் சொன்னாள். "அப்பா, இதுக்கெல்லாம் இப்ப ஆப் வந்துடுச்சு. வீட்டுல என்ன இருக்குன்னு சொன்னா, வாரம் முழுக்க என்ன சமைக்கணும்னு அதுவே சொல்லும். அம்மாவும் யோசிக்க வேண்டாம், நீங்களும் கத்த வேண்டாம்."

இரண்டாவது பாதி மக்ரமின் காதில் ஏறவில்லை. முதல் பாதியே போதுமாக இருந்தது.

அன்று மாலையே அவர் போனில் 'நிம்மதி அடுப்பு' என்ற ஆப் குடியேறியது. தெமியானாவின் போனிலும் வெரீனாவின் போனிலும் அதை ஏற்றினார்கள். வீட்டார் எத்தனை பேர்? மூன்று. என்ன சாப்பிடுவீர்கள்? நோன்புக் காலமாயிற்றே. 'செடிகொடியில் விளைந்தது மட்டும்' என்ற கட்டத்தை மக்ரம் பக்தியோடு அழுத்தினார். அடுத்து, கையிருப்பு என்ன? இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அவருக்குத் தன் சொந்தக் கிடங்குக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெங்காயத்தை எண்ணினார். எலுமிச்சையை எண்ணினார். பூண்டைப் பல் பல்லாக எண்ணினார்.

"வெங்காயத்துல ஒண்ணு முளை விட்டிருக்கு. இதை எதுல சேர்க்கறது?"

"என் தலையெழுத்துல சேருங்க," என்றாள் தெமியானா.

ஆனால் அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு பெரிய போருக்குத் தயாராகி வந்திருந்தார். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுங்க. என் தலையில ஒரு பாரம் இறங்குச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் போன் தன் முதல் கட்டளையை வெளியிட்டது. டோஃபு வறுவல்.

"டோஃபுன்னா என்னங்க?" என்று தெமியானா பணிவாகக் கேட்டாள்.

"சோயாப் பாலை உறைய வச்சுக் கட்டியாக்கறது."

"நோன்புல பால் கூடாதே."

"இது மாட்டுப் பால் இல்லை."

"ஆட்டுப் பாலும் கூடாதுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். ஷுப்ரா முழுக்கச் சுற்றினார். டோஃபு என்று கேட்டதும் ஒரு கடைக்காரன் வண்டி டயர் விற்கும் கடைக்கு வழி காட்டினான். வெறுங்கையோடு திரும்பி வந்தவரிடம், "விடுங்க. இருக்கறதை வச்சு போன் சொல்ற மாதிரியே நான் பண்ணித் தரேன்" என்றாள் தெமியானா. அவளிடமிருந்து இவ்வளவு ஒத்துழைப்பு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு வாரங்கள் அருமையாகப் போயின. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் மக்ரம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய உணவின் பெயரை உரக்க வாசிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை 'எலுமிச்சைச் சாரலுடன் மத்தியதரைக்கடல் அவரைக் கிண்ணம்' என்று வந்தது. தெமியானா வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மேலே இரண்டு கொத்துமல்லி இலை.

மக்ரம் ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார்.

"இது சமையல்! பாரு, அந்தப் புளிப்பு எங்கே வந்து நிக்குதுன்னு பாரு. இருபத்தேழு வருஷத்துல உன் கையால ஒரு நாளாவது இப்படி வந்திருக்கா?"

"எனக்கு எங்கேங்க வரும்? எல்லாம் போனோட கைராசி."

வெரீனாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. மக்ரம் இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார். அதே பழைய பானையில், விடிய விடிய அதே சிறு தீயில் வெந்த அதே ஃபூல் அவரை, கிண்ணம் மாறியதும் அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. பணிமனையில் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பெண்களின் யோசனையிலிருந்து மனிதகுலம் விடுதலை பெறும் காலம் வந்துவிட்டது என்று பேசினார்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் நோன்பின் நடுவில் ஒரு வியாழக்கிழமை தெமியானாவின் தம்பி ரிஃபாத், பெண்டாட்டி பிள்ளைகளோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். போன் அன்றைக்கு மூன்று பேருக்குப் பூசணிச் சாறு எழுதியிருந்தது. தெமியானா போனைக் கேட்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே கடைக்காரனிடம் மக்ரோனியும் கொண்டைக்கடலையும் வாங்கி மேலே இழுத்தாள். சோறும் பருப்பும் சேர்த்துப் பெரிய அண்டா நிறையக் கொஷாரி செய்துவிட்டாள். வேலை முடிந்து வந்த மக்ரம், தன் கிடங்கில் கொள்ளை நடந்ததைப் பார்த்தவர் போலக் கூடத்து நடுவில் நின்றார்.

"யாரைக் கேட்டு இது?"

"என் தம்பி வந்திருக்கான். பூசணிச் சாறையா ஊத்தறது?"

"போன்ல என்ன இருக்கோ அதுதான் இந்த வீட்டுல!"

ரிஃபாத் பேச்சை மாற்ற நினைத்து, மாற்றக் கூடாத பக்கம் மாற்றினான். "விடுங்க அத்தான். அக்கா ஆசையா செஞ்சிருக்கா. அது சரி, ஈஸ்டருக்கு மறுநாள் ஷம் எல் நசீம் பண்டிகைக்கு இந்த வருஷமாவது ஃபெசீக் உங்க வீட்டுல வச்சுக்கலாமா? எல்லாரும் சேர்ந்து வரோம். அக்கா ஃபெசீக் சாப்பிட்டுப் பல வருஷம் ஆச்சு."

அந்தத் திங்கட்கிழமை எகிப்தில் ஃபெசீக் இல்லாத வீடு கிடையாது, மக்ரம் வீட்டைத் தவிர. உப்பில் மாசக்கணக்காகக் கிடந்து குழைந்துபோன மடவை மீன். நாற்றம் என்று அதைச் சொன்னால் நாற்றம் கோபித்துக்கொள்ளும். கல்யாணமான வருஷம் ஒரே ஒரு தடவை தெமியானா அதை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். மக்ரம் அன்று பணிமனையில் போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு அந்த மீன் இந்த வாசற்படி ஏறியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும் வாசனையைத் தெமியானா பால்கனியில் நின்று மோந்துகொண்டிருப்பாள். மக்ரம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு போவார்.

அவர் போனை எடுத்தார். அதற்குள் நோண்டி நோண்டி ஒரு கட்டத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். 'எந்த மாற்றத்துக்கும் வீட்டார் எல்லோருடைய சம்மதமும் தேவை.' அதை அழுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பார்த்துக்கோங்க. இனிமே ஒரு உப்புக்கல் மாறணும்னாலும் மூணு பேரும் சம்மதிக்கணும். ஃபெசீக்னு ஒரு எழுத்து இந்த வீட்டுக்குள்ள வரணும்னா, இதோ, இந்த விரல் அழுத்தணும்."

"அப்போ இந்தச் சட்டம் உங்களுக்கும் சேர்த்தா அத்தான்?" என்று ரிஃபாத் கேட்டான்.

"எனக்கும் சேர்த்துத்தான்! சட்டம்னா எல்லாருக்கும்தான்."

தெமியானா ரிஃபாத்தின் தட்டில் இன்னொரு கரண்டி கொஷாரி வைத்தாள். "நீங்க சொன்னா சரிங்க," என்றாள்.

பாடுகளின் வாரம் வந்தது. நோன்பின் கடைசி வாரம். மக்ரமின் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் ஈஸ்டரை எண்ணிக்கொண்டிருந்தது. மற்ற வருஷமெல்லாம் ஞாயிறு பிறந்ததும் அந்த வீட்டில் ஃபத்தா இருக்கும். வறுத்த ரொட்டி, அதன் மேல் சோறு, அதன் மேல் பூண்டும் காடியும் தாளித்த குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே எலும்போடு ஆட்டுக் கால் கறி. அவருக்கு நோன்பே அந்தத் தட்டுக்குப் போகும் வழிதான். கிடங்கில் உட்கார்ந்தபடி, ஞாயிற்றுக்கிழமைக்கு அது என்ன பெயர் வைத்திருக்கிறது பார்க்கலாம் என்று ஆசையோடு போனைத் திறந்தார்.

'ஞாயிறு: பருப்புச் சாறு, வேகவைத்த காரட்.'

மக்ரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். காரட் அங்கேயேதான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. செடிகொடி மட்டும் என்று அழுத்தியது அவர்தான். நோன்பு எப்போது முடியும் என்று அந்தப் போனிடம் ஒருவரும் சொல்லவில்லை. அது இருக்கட்டும், மாற்றிவிட்டால் ஆயிற்று. 'ஞாயிறு: ஆட்டுக்கறி ஃபத்தா' என்று போட்டு அழுத்தினார். 'தெமியானா, வெரீனா இருவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது' என்றது போன். மக்ரமுக்குக் கோபம் தலைக்கேறியது. வாங்கியது அவருடைய போன். அதில் ஓடுவது அவருடைய காசு. அதற்குள் எழுதியது அவருடைய சட்டம். அது அவரையே சம்மதம் வாங்கிவரச் சொல்கிறது!

வீட்டுக்கு வந்து மகளைத் தனியாகப் பிடித்தார்.

"அம்மா அழுத்தட்டும். நான் அப்புறம் அழுத்தறேன்," என்றாள் வெரீனா.

"உனக்குன்னு ஒரு புத்தி கிடையாதா?"

"இருக்குப்பா. அதனாலதான் சொல்றேன்."

தெமியானா கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மக்ரம் தொண்டையைச் செருமினார். கறி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதற்கு அவர் மானம் இடம் தரவில்லை. "உன் போன்ல ஏதோ வந்திருக்கு போல. பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாடு வாரம் முடியற வரைக்கும் போனைத் தொடறதில்லைன்னு நேர்ந்துக்கிட்டேங்க."

"எப்போ நேர்ந்துக்கிட்டே?"

"இப்போதான்," என்று சொல்லிவிட்டுத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய்விட்டாள். நேர்த்திக்கடனுக்கு எதிராக ஒரு கிறிஸ்தவன் என்ன பேச முடியும்? அவள் போனைத் தேடி எடுத்து, தானே அழுத்திவிடலாம் என்று பார்த்தார். அது திறக்க அவள் கட்டைவிரலைக் கேட்டது. கறிக்கடைக்குப் போய்த் தானே வாங்கி வந்துவிடலாமா என்றும் யோசித்தார். வாங்கி வந்து? அவருக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. அதோடு, போனில் இல்லாத கறி வாசலுக்கு வந்தால் 'சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மனம் தாங்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ரெஹாப் அம்மா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாளும் தெமியானாவும் ஒருத்தி வீட்டு உப்பு தீர்ந்தால் மற்றவள் சமையலறையில் போய்க் கேட்காமல் எடுத்துக்கொள்பவர்கள்.

"நீங்களே சொல்லுங்க தங்கச்சி. ஈஸ்டர் அன்னிக்குக் காரட்! இது அடுக்குமா?"

"ஐயோ அண்ணே! கேட்கவே வயித்தெரிச்சலா இருக்கே. எங்க பெருநாளுக்கு ஒருத்தன் எனக்குக் காரட் வச்சா அவன் தலையிலயே கொட்டுவேன்."

"அப்படிச் சொல்லுங்க! நீங்க அவகிட்டே ஒரு வார்த்தை பேசணும்."

"பேசறேன் அண்ணே. ஆனா நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

"சட்டத்தை அவ சரியாப் புரிஞ்சுக்கலை. கொஞ்சம் ஐஸ் போட்ட தண்ணி குடுங்க, நாக்கு வறண்டு போச்சு. இருங்க, நானே எடுத்துக்கறேன்." அவர் குளிர்ப்பெட்டியின் உறைவறைக் கதவில் கை வைத்தார்.

ரெஹாப் அம்மா அந்த வயதில் அந்த வேகத்தில் நகர்ந்து அவர் பார்த்ததில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க உட்காருங்க அண்ணே. விருந்தாளி எடுக்கறதாவது! நான் கொண்டாறேன்." அந்த உபசாரம் மக்ரமுக்கு நெஞ்சைத் தொட்டது. இப்படி மரியாதை தெரிந்த பெண் எதிர்வீட்டில் இருக்கிறாள். தன் வீட்டில் இருப்பது யார்?

பெரிய வெள்ளி கழிந்தது. அன்றைக்கு முளைகட்டிய அவரை. சனிக்கிழமை காலை, விடிய விடியக் கோயிலில் இருந்துவிட்டு வந்த தெமியானா ஒரு தம்ளர் தேநீரோடு கூடத்தில் உட்கார்ந்தாள். நிதானமாகக் குடித்து முடித்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"அட, நீங்க ஏதோ கேட்டிருக்கீங்களே."

"நான் எங்கே கேட்டேன்? போன் கேட்குது."

"ஆட்டுக்கறி ஃபத்தான்னு இருக்கு. யாருக்கு?"

"வீட்டுக்கு! பண்டிகை இல்லையா? அழுத்து."

"அழுத்தறேங்க. என் பேர்ல ஒண்ணு வரும். அதை நீங்க அழுத்திட்டா, நான் உங்களோடதை அழுத்திடறேன்."

அவர் கையில் போன் அதிர்ந்தது. 'திங்கள்: ஃபெசீக், வெங்காயத்தாள். பதினைந்து பேர்.' அதற்குக் கீழே இன்னும் என்னவோ நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

"முடியாது!" மக்ரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "செத்தாலும் முடியாது! அந்த நாத்தம் திரைச்சீலையில ஏறும். என் சட்டையில ஏறும். பணிமனையில ஒருத்தன் என் பக்கத்துல உட்கார மாட்டான். பதினைஞ்சு பேரா? உன் தம்பி வீட்டுக் கூட்டமா?"

"என் தங்கச்சி வீட்டுக் கூட்டமும் சேர்த்துதாங்க."

"இது அநியாயம். இது வழிப்பறி!"

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாங்க. கட்டாயம் ஒண்ணும் இல்லை." தெமியானா எழுந்தாள். "வெரீனா, அந்தக் காரட்டைக் கழுவும்மா."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. காரட் தண்ணீரில் உருளும் சத்தம் கேட்டது. மக்ரம் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கீழே ஒருவன் தோளில் ஆட்டுக் கால் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எதிர்ப்புறத்து வீட்டில் யாரோ பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திருகாணிக்குக்கூட மூன்று தடவை படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், போனைப் பார்க்காமலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். 'சம்மதம்.'

"அழுத்திட்டேன்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ரொம்ப சந்தோஷங்க." தெமியானா தன் போனில் அழுத்தினாள். உள்ளேயிருந்து வெரீனாவும் இரண்டையும் அழுத்தினாள். 'ஞாயிறு: ஆட்டுக்கறி ஃபத்தா' என்று பச்சை நிறத்தில் வந்தது. மக்ரமுக்கு உயிர் திரும்பியது.

"சீக்கிரம் புறப்படு. இனிமேதான் கறிக்கடைக்குப் போகணும். அங்கே வரிசை நைல் வரைக்கும் நிக்கும்."

அப்போது வாசல் கதவைக் காலால் தட்டும் சத்தம். ரெஹாப் அம்மா இரண்டு கையாலும் ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தாம்பாளத்தில் முழுசாக ஓர் ஆட்டுக் கால்.

"நேத்தே வெளியில எடுத்து வச்சுட்டேன் தெமியானா. நல்லா இளகிடுச்சு. இனி உலையில போட வேண்டியதுதான்." அப்புறம்தான் மக்ரமைப் பார்த்தாள். "பண்டிகை வாழ்த்துகள் அண்ணே!" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனாள்.

மக்ரம் ஆட்டுக் காலைப் பார்த்தார். தெமியானாவைப் பார்த்தார்.

"இது... எப்போ வாங்கினது?"

"நோன்பு தொடங்கறதுக்கு முந்தியேங்க. விலை ஏறிடுமே."

"அவ வீட்டுல ஏன்?"

"நம்ம பெட்டியிலதான் நீங்க பூண்டுப் பல்லைக்கூட எண்ணறீங்களே. எங்கே வைக்கறது?"

"அப்போ நான் அழுத்தலைன்னாலும் நாளைக்கு ஃபத்தா உண்டா?"

"இதென்ன கேள்வி?" தெமியானாவுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "ஈஸ்டருக்கு எவளாவது காரட் வைப்பாளா? என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டு முணுமுணுத்தாள்.

மக்ரம் போன் மேல் பாய்ந்தார். திங்கட்கிழமையைத் தேடிப்பிடித்து 'நீக்கு' என்பதை அழுத்தினார். போன் நிதானமாகச் சொன்னது, வீட்டார் எல்லோருடைய சம்மதமும் தேவை. இன்னொரு தடவை அழுத்தினார். விரலால் குத்தினார். மற்ற இரண்டு பெயரும் பச்சையாகவில்லை. படிக்காமல் அழுத்திய வரிகளையாவது படித்துப் பார்ப்போம், எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். வருபவர்களின் பெயர்கள் இருந்தன. எலுமிச்சையின் எண்ணிக்கை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், அவர் சம்மதத்தோடு, ஒரு வரி இருந்தது.

'பதினைந்து பேருக்கும் மீன் தோல் உரித்து, முள் எடுத்து வைப்பவர்: மக்ரம்.'